உம் கொட்டும் வீடு: சிறாரின் புனைகதை வாசிப்பில் இல்லத்தின் பங்கு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிறாரை வீட்டில் புனைகதை வாசிக்கத் தூண்ட வேண்டும் என்னும் கருத்தில் இன்று யாருக்கும் வேறுபாடு இல்லை. எனினும் அதற்குக் கூறப்படும் காரணங்கள் பெரும்பாலும் நீதி, மொழித்திறன், பொது அறிவு ஆகிய பயன்களையே சுட்டுகின்றன. இப்பயன்நோக்கு தமிழ்ச் சிறார் இலக்கிய ஆய்விலும் வேரூன்றியுள்ளது. தொல்காப்பியம் சுட்டும் செவிலிக்குரிய உரைவகை, பஞ்சதந்திரம், விக்கிரமாதித்தன் கதை ஆகியவற்றின் கதைச்சட்டகங்கள், லூயிஸ் ரோசன்பிளாட்டின் வாசிப்புக் கோட்பாடு, அண்மைக்காலச் சிறார் புனைவுகள் ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு இக்கட்டுரை அந்நோக்கை மறுபரிசீலனை செய்கிறது. குழந்தையின் வாசிப்புக்கு வீடு தரக்கூடிய தலையாய ஊக்கம் செவிமடுத்தலே என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், புனைகதை, வீட்டு வாசிப்பு, செவிலி, பயன்நோக்கு, உரத்த வாசிப்பு, இரட்டை வழக்கு.

முன்னுரை

கதை சொல்பவருக்கு 'உம்' கொட்ட ஒருவர் வேண்டும் என்பது தமிழ் வீடுகளின் எழுதப்படாத விதி. 'உம்' நின்றால் கதையும் நிற்கும். உம் கொட்டுபவர் கதையை மதிப்பிடுவதில்லை. அதன் நீதி யாது என வினவுவதில்லை. தாம் விழித்திருப்பதையும் மேலே கேட்க விரும்புவதையும் மட்டுமே அவர் அறிவிக்கிறார். வாய்மொழிக் கதைமரபில் கேட்போரின் பங்கு இத்துணைச் சிறியது, ஆயினும் இன்றியமையாதது.

வாய்மொழிக் கதை அச்சுக் கதையாக மாறியபோது சொல்லும் இடத்தில் நூல் அமர்ந்தது. கேட்ட குழந்தை வாசிக்கும் குழந்தையாயிற்று. உம் கொட்டும் இடம் வெறுமையாயிற்று. அவ்விடத்தில் இன்றைய வீடு பெரும்பாலும் ஒரு தேர்வாளரை அமர்த்தியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். 'படித்து முடித்தாயா? இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?' என்னும் வினாக்கள் அன்பின் காரணமாகவே கேட்கப்படுகின்றன. அவற்றின் விளைவு யாது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செவிலிக்குரிய பொய்ம்மொழி

புனைகதைக்கும் இல்லத்திற்கும் உள்ள உறவைத் தமிழ் இலக்கண மரபு மிகத் தொடக்கத்திலேயே குறித்துள்ளது. தொல்காப்பியச் செய்யுளியல் உரைவகையை நான்காகப் பகுக்கிறது. அவற்றுள் இறுதி இரண்டும் பொய்ம்மொழியும் நகைமொழியும் ஆகும். பொய்ம்மொழிக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் யானையும் குருவியும் தம்முள் நட்புக்கொண்டு ஓரிடத்திற்குச் சென்று இன்னின்ன செய்தன என்பதுபோல் கட்டி உரைக்கும் கதையாகும். உலகில் நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகச் சொல்லும் இவ்வகையே இன்று நாம் புனைகதை என வழங்குவது. அந்நான்கனுள் ஒரு பகுதி செவிலிக்கு உரியது என்றும் மற்றொரு பகுதி யாவர்க்கும் உரியது என்றும் தொல்காப்பியர் வரையறுக்கிறார். பொய்ம்மொழியும் நகைமொழியுமே செவிலிக்குரியவை எனப் பேராசிரியர் கொள்கிறார்.

இந்நூற்பா சிறார் இலக்கியத்தைப் பற்றியதன்று. அகப்பொருள் மரபில் தலைவிக்குரிய செவிலியையே அது சுட்டுகிறது. இதனை நேரடியாகக் குழந்தை வாசிப்புக்குப் பொருத்துவது மிகையாகும். எனினும் இதில் நமக்குப் பயன்படும் ஓர் உண்மை உண்டு. யாவரும் ஆளத்தக்க உரைவகைகளினின்று பிரித்து, வளர்ப்பவளுக்கென்றே ஒரு கதைவகை ஒதுக்கப்பட்டுள்ளது. அது பொய் என்றே பெயர் பெற்றுள்ளது, அப்பெயரால் இழிக்கப்படவில்லை. பொய்யும் நகையும் வளர்ப்புத் தொழிலின் கருவிகளாக இலக்கணத்தில் இடம்பெற்றுள்ளன என்பது கருதத்தக்கது.

நீதி என்னும் நுழைவுச்சீட்டு

இவ்வாறு இல்லத்திற்கு உரியதாயிருந்த கதை, கல்வியின் எல்லைக்குள் நுழைந்தபோது தன் வருகைக்குக் காரணம் கூற வேண்டியதாயிற்று. இதற்குச் சிறந்த சான்று பஞ்சதந்திரத்தின் கதைச்சட்டகம். கல்வியில் நாட்டமற்ற மூன்று அரசிளங்குமரரை ஆறு மாதங்களில் அறிவுடையோராக்குவதாக விட்டுணுசருமன் ஏற்கும் பொறுப்பே அக்கதைகள் அனைத்திற்கும் தோற்றுவாய். சிங்கமும் முயலும் காகமும் ஆமையும் பாடத்திட்டத்தின் பொருட்டே வருகின்றன. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பெயர்த்த பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது. தமிழ் உரைநடையின் தொடக்கக்கால நூல்களுள் ஒன்றான இது, சென்னைக் கல்விச் சங்கத்துச் சூழலில் பாடநூலாகப் பயின்றது. கதை, உரைநடை, பாடநூல் ஆகிய மூன்றும் இங்கு ஒரே நூலில் சந்தித்தன.

இதற்கு மாறான போக்கும் அக்காலத்திலேயே உண்டு. வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை 1822இல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சாயிற்று. குருவும் சீடர்களும் செய்யும் பேதைமைகளின் தொடரான அதனைத் தொல்காப்பியர் கூறும் நகைமொழிக்கு அணுக்கமானது எனலாம். அதனை வாசித்துச் சிரித்தவர்களுள் நீதி தேடியவர் சிலரே இருத்தல் கூடும். எனினும் தமிழ்ச் சிறார் இலக்கியம் பற்றிய நம் பேச்சு விட்டுணுசருமனின் வழியையே பெரிதும் பின்பற்றி வந்துள்ளது.

ஆய்வுலகமும் இதற்கு விலக்கன்று. சிறுவர் கதைத் தொகுதி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் இடம்பெறும் அறக்கருத்துகளை வாய்மை, ஈகை, ஒற்றுமை, முயற்சி எனத் தலைப்பிட்டு அடுக்குவது நம் துறையில் பழகிய முறை. இக்கட்டுரையாளரின் இளமுனைவர் பட்ட ஆய்வேடும் அம்முறையில் எழுதப்பட்டதே. ஒவ்வொரு கதைக்கும் ஒரு விழுமியம் என அட்டவணை நிறைந்தது, பட்டமும் கிட்டியது. அந்த ஆய்வேட்டை அண்மையில் மீண்டும் புரட்டியபோது, எந்தக் கதை சிரிக்க வைத்தது, எது அச்சுறுத்தியது, எதை மறுநாளும் வாசிக்கத் தோன்றியது என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை என்பது புலனாயிற்று. கதையின் வாசகர் அதில் இடம்பெறவே இல்லை.

எடுத்துச்செல்லும் வாசிப்பும் துய்க்கும் வாசிப்பும்

இவ்விடுபடலை விளக்க அமெரிக்கத் திறனாய்வாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1978இல் விரித்துரைத்த பாகுபாடு உதவுகிறது. வாசிப்பு முடிந்தபின் எதனைக் கொண்டுசெல்வது என்பதிலேயே கருத்தூன்றி வாசிப்பது ஒரு வகை. வாசிக்கும் பொழுதில் நிகழும் அனுபவத்திலேயே தோய்ந்து வாசிப்பது மற்றொரு வகை. நஞ்சருந்திய குழந்தையின் தாய், புட்டியின் மேலுள்ள குறிப்பில் மாற்றுமருந்தைத் தேடிப் பதற்றத்துடன் வாசிப்பதை முதல் வகைக்கு எடுத்துக்காட்டாக அவர் தருகிறார். அவளுக்கு அச்சொற்களின் ஓசையோ அழகோ பொருட்டன்று; பொருட்டாக இருத்தலும் கூடாது. இவ்விரண்டையும் முறையே எடுத்துச்செல்லும் வாசிப்பு, துய்க்கும் வாசிப்பு எனத் தமிழில் வழங்கலாம்.

ரோசன்பிளாட்டின் கருத்தில் முதன்மையானது, இவ்வேறுபாடு பனுவலில் இல்லை. வாசகரின் நிலைப்பாட்டில் உள்ளது என்பதாகும். ஒரே கதையை இரு வகையாகவும் வாசிக்கலாம். ஆகவே வீட்டில் நல்ல கதைநூல்களை வாங்கி அடுக்குவதால் மட்டும் புனைகதை வாசிப்பு நிகழ்ந்துவிடாது. கதை முடிந்தவுடன் வினா எழும் என்று அறிந்த குழந்தை, அவ்வினாவுக்கான விடையைத் தேடியே வாசிக்கும். அதன் கையில் இருப்பது கதைநூல். அது செய்வது பாட வாசிப்பு.

கதை வாசிப்பின் பயன்களுக்கு உளவியல் ஆய்வுகளைச் சான்றாகக் காட்டுவது இன்று பெருகியுள்ளது. அவற்றைக் கையாளுதலில் எச்சரிக்கை தேவை. இலக்கியப் புனைவைச் சிறிது நேரம் வாசிப்பதே பிறர் மனநிலையை உணரும் திறனை உயர்த்துகிறது என்று 2013இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு கூறியது. 2016இல் வெளியான மறுசோதனை அவ்விளைவை உறுதிசெய்யவில்லை. பயனை மட்டுமே அடித்தளமாகக் கொண்டு எழுப்பப்படும் வாதம், பயன் ஐயத்துக்குள்ளாகும்போது தானும் தளரும். புனைகதைக்கு அதனினும் உறுதியான அடித்தளம் தேவை.

வேதாளத்தின் வினா

அவ்வாறாயின் கதை வாசித்த குழந்தையிடம் எதுவுமே வினவக் கூடாதா என்னும் கேள்வி எழுகிறது. இதற்கு விடை காண விக்கிரமாதித்தன் கதையின் சட்டகம் துணைசெய்கிறது. அங்கும் ஒவ்வொரு கதையின் இறுதியிலும் வினா உண்டு. விடை அறிந்தும் கூறாவிடில் தலை வெடிக்கும் என்னும் அச்சுறுத்தலும் உண்டு. மேலோட்டமாக நோக்கின் இது தேர்வை ஒத்ததே.

கூர்ந்து நோக்கின் மூன்று வேறுபாடுகள் தெரிகின்றன. முதலாவது, வேதாளத்தின் வினா கதையில் உள்ள செய்தியை நினைவுகூரச் சொல்வதன்று. இறந்தவளை மீட்க உதவிய மூவருள் அவளை மணக்கும் உரிமை யாருக்கு என்பது போன்ற வழக்குகளே அங்கு வினாக்களாகின்றன. அவற்றில் உண்மையான ஐயம் உண்டு. கேட்பவர் தம் முடிவைத் தாமே காண வேண்டும். இரண்டாவது, சரியான விடைக்கு அங்கு மதிப்பெண் இல்லை. மன்னன் வாய்திறந்தவுடன் வேதாளம் முருங்கை மரத்திற்கே திரும்புகிறது. அதன் பயனாக அடுத்த கதை பிறக்கிறது. மூன்றாவது, மன்னனால் விடை காண இயலாத இறுதிக் கதையில் அவனுடைய மௌனமும் ஏற்கப்படுகிறது. அம்மௌனமே அலைச்சலை முடித்துவைக்கிறது.

1947 சூலையில் தொடங்கிய அம்புலிமாமா, மூலத்தின் இருபத்தைந்து கதைகளோடு நில்லாமல் புதிய வேதாளக் கதைகளைப் பல்லாண்டு தொடர்ந்து வெளியிட்டது. ஓவியர் சங்கர் தீட்டிய தோளில் பிணம் சுமந்த மன்னனின் உருவம் தலைமுறைகளின் நினைவில் பதிந்தது. இத்தொடர் நீடித்தமைக்கு வினாவின் இயல்பும் ஒரு காரணம் எனக் கருதலாம். முடிவைப் பற்றி மாறுபட இடமிருந்ததால் கதை, வீட்டில் பேச்சாக நீளும் வாய்ப்பைப் பெற்றது.

எனவே வினவுதல் தவறன்று. கேட்பவருக்கு விடை முன்பே தெரிந்த வினா கதையை முடித்துவிடுகிறது. அவருக்கே விடை தெரியாத வினா அடுத்த கதைக்கு வழிவிடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளரும் ஆசிரியருமான டேனியல் பென்னாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளை வகுத்தபோது, வாசிக்காதிருக்கும் உரிமையை முதலாவதாகவும் வாசித்ததைப் பற்றிப் பேசாதிருக்கும் உரிமையை இறுதியாகவும் வைத்தார். விக்கிரமாதித்தனின் இறுதி மௌனத்தை இப்பத்தாம் உரிமையின் பழைய வடிவமாகக் காண இடமுண்டு.

இரட்டை வழக்கும் உரத்த வாசிப்பும்

தமிழ் வீட்டிற்கே உரிய ஒரு சிக்கலும் இங்குக் கருதத்தக்கது. சார்லஸ் பெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்குநிலை தமிழில் வலுவாக உள்ளது. குழந்தை வீட்டில் பேசும் தமிழும் நூலில் காணும் தமிழும் வேறு வேறு. 'போயிட்டு வந்தான்' என்று கேட்டு வளர்ந்த செவிக்குச் 'சென்று வந்தான்' என்பது பள்ளியின் மொழியாகவே ஒலிக்கிறது. கதையே ஆயினும் எழுத்துத் தமிழ் பாடநூலை நினைவூட்டுவதால், துய்க்கும் வாசிப்பு தொடங்குமுன்னரே எடுத்துச்செல்லும் வாசிப்பு முந்திக்கொள்கிறது. ஆங்கிலவழியில் பயிலும் குழந்தைக்குத் தமிழ் ஒரு பாடம் மட்டுமே ஆகிவிடும்போது இவ்விலகல் மேலும் கூடுகிறது.

வட்டார வழக்கில் எழுதப்பட்ட புனைவு இதற்கு ஒரு தீர்வாகலாம். மற்றொரு தடையாகவும் ஆகலாம். கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' கரிசல் நிலத்துச் சிறுவனின் பறவை உலகைக் காட்டும் குறுநாவல். அதன் சொற்களைக் கரிசலில் வளர்ந்த குழந்தை வீட்டுச் சொற்களாக உணரும். நகரத்துக் குழந்தையோ ஒவ்வொரு பக்கத்திலும் தயங்கக் கூடும். இவ்விரு நிலைகளிலும் உதவுவது உரத்த வாசிப்பே. பெரியவர் ஒருவர் வாய்விட்டு வாசிக்கும்போது ஏற்ற இறக்கம், நிறுத்தம், முகக்குறிப்பு ஆகியன எழுத்தைப் பேச்சுக்கு அணுக்கமாக்குகின்றன. பொருள் தெரியாத சொல்லும் சூழலால் விளங்குகிறது. அகராதி பார்க்கச் சொல்லி நிறுத்த வேண்டிய தேவை எழுவதில்லை.

உரத்த வாசிப்பு கற்ற பெற்றோருக்கே இயலும் என்பது இதற்கு எழக்கூடிய மறுப்பு. முதல் தலைமுறையாகக் கல்வி பெறும் குழந்தைகளின் வீடுகளை எண்ணும்போது இம்மறுப்பு வலுவுடையதாகவே தோன்றும். இங்குப் பங்குகள் மாறலாம் என்பதைத் தன் அனுபவத்திலிருந்து குறிப்பிட இக்கட்டுரையாளர் விரும்புகிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவருடைய தாய் மாலை நேரங்களில் கூலிக்குப் பூக்கட்டுவார். நாளிதழுடன் வாரந்தோறும் வரும் சிறுவர் இணைப்பைத் தேநீர்க் கடையிலிருந்து மறுநாள் இரவலாகப் பெற்று, பக்கத்தில் அமர்ந்து மகள் வாசிப்பார். தாயின் கண்கள் நாரிலும் மொட்டிலும் இருக்கும். அவர் கூறியவை இரண்டே சொற்கள்: 'உம்', 'அப்புறம்?'. பிழையாக வாசித்த சொல்லைத் திருத்த அவரால் இயலவில்லை. பிழையின்றி வாசிக்க வேண்டும் என்னும் முனைப்பு மகளுக்குத் தானாகவே தோன்றியது. ஏனெனில் கதை தாய்க்கு விளங்க வேண்டும். கற்பிக்க இயலாத ஒருவரின் செவி, கற்பிப்பவர் பலரால் ஆகாத ஒன்றைச் செய்தது.

ஒரு வீட்டு அனுபவம் பொதுவிதி ஆகாது. எனினும் எழுத்தறிவைப் பெற்றோரின் முன்தகுதியாகக் கொள்ளும் வாசிப்பு ஊக்கத் திட்டங்கள், செவிமடுத்தல் என்னும் தகுதி எல்லா வீடுகளிலும் உண்டு என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். செவிலியின் பணியைப் பெண்களுக்கே ஒதுக்கிய மரபும் இங்கு மீள்பார்வைக்குரியது. உம் கொட்டுதல் தந்தைக்கும் தாத்தாவுக்கும் இயல்வதே.

பயன் எங்கு நிகழ்கிறது?

இதுவரை கூறியவை கதைக்குப் பயனே இல்லை என்னும் கருத்தன்று. 2010 முதல் சாகித்திய அகாதெமி வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற தமிழ் நூல்கள் சிலவற்றை நோக்கினால் இது தெளிவாகும். இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' அறிவியலையும், உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியின் தொன்மையையும், யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பாலியல் சீண்டலிலிருந்து குழந்தை தன்னைக் காத்துக்கொள்வதையும் பேசுகின்றன. இவற்றைப் பற்றிய மதிப்புரைகளும் பரிந்துரைகளும் இப்பயன்களையே முன்னிறுத்துவது இயல்பாகிவிட்டது.

2020இல் இவ்விருது பெற்ற 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' இக்கட்டுரையின் வாதத்திற்குக் கடினமான சோதனை. குழந்தையின் பாதுகாப்பைவிடத் துய்ப்பு முதன்மையா என ஒருவர் வினவலாம். அந்நாவலின் அமைப்பே இதற்கு விடை தருகிறது. அதில் சிறுமியிடம் பேசுவது ஒரு மரப்பாச்சிப் பொம்மை. இதே செய்தியைத் துண்டறிக்கையாகவும் அச்சிடலாம். துண்டறிக்கையால் இயலாத ஒன்றை அப்பொம்மை செய்கிறது: பெரியவரிடம் சொல்ல நாணும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளும் செவி உலகில் உண்டு என்னும் நம்பிக்கையை வாசகக் குழந்தைக்கு அளிக்கிறது. இந்நம்பிக்கை பொம்மை பேசும் என்னும் பொய்யை ஏற்றுத் தோய்ந்த பின்னரே பிறக்கும். 'இந்நூலிலிருந்து என்ன கற்றாய்?' என்னும் வினாவுக்கு மனப்பாடமாக விடை கூறும் குழந்தை செய்தியை எடுத்துச் செல்லலாம். மரப்பாச்சியின் செவியை இழந்துவிடலாம். பயன் கதைக்குள், துய்ப்பின் வழியாகவே நிகழ்கிறது. துய்ப்பை விலக்கிப் பயனை மட்டும் பிரித்தெடுக்க இயலாது.

மேலும், அத்தகைய நாவலை வாசித்த குழந்தை ஏதேனும் சொல்ல விழைந்தால், அதனைக் கேட்க வீட்டில் ஒரு செவி இருத்தல் வேண்டும். தேர்வாளராகப் பழகிய பெற்றோரிடம் குழந்தை விடை கூறும், மறைபொருளைக் கூறாது. கதைக்கு உம் கொட்டிப் பழகிய வீட்டில்தான் கதையல்லாத ஒன்றும் ஒருநாள் சொல்லப்படக் கூடும். சிறார் வாசிப்பைப் பற்றிய இவ்விவாதம் இலக்கிய இன்பத்தோடு முடிவதன்று என்பதற்கு இதுவே காரணம்.

வீட்டிற்கு வெளியே

இல்லம் தனித்து இயங்குவதன்று. 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக ஊர்தோறும் பரவிய நூலகங்களும், 1950இல் அழ. வள்ளியப்பா முதலியோர் தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கமும், கண்ணன், கோகுலம், பூந்தளிர் முதலிய இதழ்களும் வீட்டு வாசிப்புக்குத் தீனி தந்தன. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் சிறு கதைநூல்களை நுழை, நட, ஓடு, பற என நிலைப்படுத்தியுள்ளது. இப்பெயர்கள் வடிவில் ஏவல் வினைகளே. ஆயினும் 'படி' என அவை ஏவவில்லை. வகுப்பு எண்ணைத் தவிர்த்துக் குழந்தையின் இயக்கத்தைச் சுட்டும் இப்பெயரீடு நன்று. இந்நூல்கள் வீட்டை அடையும்போது வினாத்தாளைச் சுமந்து செல்லாதிருப்பதே இவ்வியக்கத்தின் வெற்றிக்கு அளவுகோலாகும்.

முடிவுரை

இக்கட்டுரையின் முடிவுகள் பின்வருமாறு தொகுக்கத்தக்கன. புனைகதை வளர்ப்பவருக்கு உரியது என்னும் கருத்து தமிழ் மரபில் உண்டு. நீதியைக் காரணமாகக் காட்டும் வழக்கம் அதனைப் பாடத்தின் எல்லைக்குள் ஈர்த்தது. குழந்தை கதையைத் துய்ப்பதும் பாடமாக்கிக்கொள்வதும் நூலைக் காட்டிலும் வீட்டின் நிலைப்பாட்டையே பெரிதும் சார்ந்துள்ளன. இரட்டை வழக்கு நிலவும் தமிழ்ச் சூழலில் உரத்த வாசிப்பு தனி முதன்மை பெறுகிறது. எழுத்தறியாத பெற்றோரும் இதில் முழுமையாகப் பங்கேற்க இயலும். விடை தெரிந்த வினாவைத் தவிர்த்து, விடை தெரியாத வினாவையும் மௌனத்தையும் வீடு பழக வேண்டும்.

ஆய்வாளர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. சிறார் கதைகளில் அறக்கருத்துகளை எண்ணும் அட்டவணைகள் நம்மிடம் போதிய அளவு சேர்ந்துவிட்டன. வீடுகளுக்குச் சென்று, குழந்தை எந்தப் பக்கத்தில் சிரித்தது, எங்கு நிறுத்தியது, எதனை மீண்டும் வாசித்தது, அருகில் இருந்தவர் என்ன சொன்னார் எனப் பதிவுசெய்யும் கள ஆய்வுகள் இனிப் பெருக வேண்டும். அதற்குத் திறனாய்வாளரும் சிறிது நேரம் மதிப்பிடுவதை நிறுத்திவைத்து, உம் கொட்டக் கற்றாக வேண்டும்.